‘நான் செய்தேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மனிதவளத் துறையில் 18 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் ஆள் எடுக்கும் குழுவில் உட்காருவேன். சனிக்கிழமை பிற்பகல்களில் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசையில், வேலை தேடும் நம்மவர்களோடு உட்கார்ந்து நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அந்த மேசையில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் வேலையைப் பற்றி நானே பேசினால் அது தற்பெருமை ஆகிவிடாதா?

இந்தக் கேள்விக்கு நம் இலக்கணமே பதில் வைத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் இரண்டு சூத்திரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது, ‘தோன்றா தோற்றித் துறைபல முடிப்பினும் தான்தற் புகழ்தல் தகுதி அன்றே’. யாருக்கும் தோன்றாததைக் கண்டு சொல்லி, பல துறைகளை எழுதி முடித்தவனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது. நமக்கு வீட்டில் சொல்லி வளர்த்ததும் இதுதான்.

ஆனால் அடுத்த சூத்திரத்தை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. நான்கு இடங்களில் ‘தன்னைப் புகழ்தலும் தகும் புலவோற்கே’ என்கிறது அது. அரசனுடைய அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்துப் பேசியபோது.

இந்த நான்கையும் இன்றைய சிங்கப்பூரில் வைத்துப் பாருங்கள். அவைக்கு எழுதும் ஓலை உங்கள் விண்ணப்பக் கடிதம். ஆற்றலை அறியாதவர்கள் நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள். உங்கள் பெயரையே அன்று காலையில்தான் படித்திருப்பார்கள். அவையில் வெல்வது, ஒரே பதவி உயர்வுக்கு நான்கு பேர் நிற்கும் இடம். நான்காவது, உங்கள் உழைப்பை இன்னொருவர் குறைத்துப் பேசும் நேரம். தன்னைப் புகழாதே என்று முதலில் விதித்த அதே புலவர், இந்த இடங்களில் பேசு என்கிறார். அங்கே வாய் மூடி இருப்பதைப் பணிவு என்று நினைத்து எத்தனையோ நல்ல உழைப்பாளிகள் வாய்ப்பை விட்டுவிட்டு எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘ஐ’ என்று தொடங்கும்போதே உடம்பு கூசுகிறது. ஏன்?

ஏனென்றால் அந்த ‘ஐ’யை உங்கள் காது ‘நான்’ என்று கேட்கிறது. இரண்டும் ஒன்றில்லை.

தமிழில் ஆள் வினைச்சொல்லின் கடைசியிலேயே இருக்கிறார். ‘சரிசெய்தேன்’ என்றால் போதும், செய்தவர் யார் என்று தெரிந்துவிடும். தேவைப்படாத இடத்தில் ‘நான்’ வந்தால் அதற்கு ஒரு கனம் ஏறுகிறது: ‘நான் சரிசெய்தேன்’ என்றால், வேறு யாருமில்லை, நானேதான் என்ற பொருள் தொனிக்கிறது. பத்து வாக்கியத்தில் பத்து ‘நான்’ போட்டுப் பேசுகிறவரை நாம் தலைக்கனம் பிடித்தவர் என்போம்.

ஆங்கிலத்தில் ‘ஃபிக்ஸ்ட்’ என்ற வினை யார் செய்தாலும் ‘ஃபிக்ஸ்ட்’தான். எனக்கும் அதுதான், அவருக்கும் அதுதான், அவர்களுக்கும் அதுதான். ஆகவே யார் என்று காட்ட முன்னால் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. நம் ‘ஏன்’ விகுதி செய்கிற வேலையைத்தான் அங்கே ‘ஐ’ செய்கிறது. ஆங்கிலம் கேட்டுப் பழகியவர் அந்த ‘ஐ’யைக் கவனிப்பதுகூட இல்லை. அதைக் குரலில் அழுத்திச் சொன்னால் மட்டுமே அவருக்கு ‘நான்தான்’ என்று கேட்கும்.

எனவே ‘ஐ’யை மெல்லச் சொல்லுங்கள், அடுத்து வரும் வினையில் குரலை ஏற்றுங்கள். கல் மேசையில் நான் கொடுக்கும் முதல் பயிற்சி இதுதான். ஐந்து நிமிடம் போதும், கூச்சம் பாதி இறங்கிவிடும்.

இன்னொன்று. 1987 முதல் இங்கே எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. இந்த ஊரிலேயே படித்து வளர்ந்து, தண்ணீர் பட்ட பாடாக ஆங்கிலம் பேசும் நம் பிள்ளைகளுக்கும் இதே கூச்சம் இருக்கிறது. ஆங்கிலம் வராததால் வரும் தயக்கம் இது என்று உங்களை நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டாம்.

‘ஐ’க்குப் பதிலாக ‘வீ’ என்று சொன்னால் பணிவாக இருக்குமே?

பணிவாக இருக்கும். ஆனால் நீங்கள் காணாமல் போய்விடுவீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நேர்முகத் தேர்வு. கட்டடங்களின் குளிரூட்டி இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நாற்பதை ஒட்டிய வயது, இங்கே சில்லர் இயந்திரங்களோடு பல ஆண்டு பழகியவர். மின்கட்டணம் ஏறிக்கொண்டே போன ஒரு கட்டடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். ‘வீ நோட்டிஸ்ட்’, ‘வீ செக்ட்’, ‘வீ கிளீன்ட்’. எல்லாமே ‘வீ’. என் பக்கத்தில் இருந்த சீனப் பொறியாளர் கேட்டார்: ‘ஹூ நோட்டிஸ்ட் இட் ஃபர்ஸ்ட்?’ முதலில் கவனித்தது யார்? ‘டீம், சார்’ என்றார் இவர். பொறியாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: தினமும் அளவு எடுத்து எழுதியது யார்? அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ரப்பர் வளையம் போட்டிருந்தது, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. நாள்தோறும் காலை ஏழு மணிக்கு எடுத்த வெப்பநிலைகள் வரிசை வரிசையாக இருந்தன. கண்டென்சரில் குளிர்வாயுவின் வெப்பநிலைக்கும் வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாக ஒரு பத்தியில் எழுதி, அது கூடக் கூடச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். அந்த இடைவெளி விரிகிறது என்றால் குழாய்களின் உட்புறம் படிவு கட்டுகிறது, வெப்பம் தண்ணீருக்குள் இறங்கவில்லை, கம்ப்ரசர் கூடுதலாக மூச்சு வாங்குகிறது, மின்சாரம் அதிகம் போகிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கை எழுதி வைக்கும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவராகவே எழுதினார். கண்டதை மேற்பார்வையாளரிடம் சொன்னார். பிறகு மூன்று பேர் இரண்டு இரவு உட்கார்ந்து குழாய்களைத் தேய்த்துக் கழுவினார்கள்.

பொறியாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தார். குழாய் கழுவ ஆள் கிடைப்பார்கள். இடைவெளி விரிவதைப் பார்க்கிற கண்தான் அந்த நிறுவனத்துக்கு வேண்டியிருந்தது. அந்தக் கண் யாருடையது என்பதை ‘வீ’ மறைத்திருந்தது.

அவர் இப்படிச் சொல்லியிருக்கலாம்: ‘ஐ டுக் தி ரீடிங்ஸ் எவ்ரி மார்னிங். ஐ சா தி கேப் குரோயிங் அண்ட் டோல்ட் மை சூப்பர்வைசர். த்ரீ ஆஃப் அஸ் கிளீன்ட் தி டியூப்ஸ் ஓவர் டூ நைட்ஸ். தி கேப் கேம் பேக் டு நார்மல்.’ நான்கே வாக்கியம். கண்டது நான், கழுவியது மூவர், பலன் இது. இதில் பெருமை எங்கே இருக்கிறது? அவரவர் செய்தது அவரவர் பெயரில் நிற்கிறது, அவ்வளவுதான். ‘வீ’ வேண்டிய இடத்தில் ‘வீ’ போடுங்கள். அது எத்தனை பேர், அதில் உங்கள் பங்கு எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குழுவாகச் செய்த வேலையில் என் பங்கு எது என்று எனக்கே தெரியவில்லையே?

அன்று நீங்கள் விடுப்பில் இருந்திருந்தால் எது நடந்திருக்காது? அதுதான் உங்கள் பங்கு.

அப்படியானால் எதைச் சொன்னால்தான் அகங்காரமாகக் கேட்கும்?

‘வியவற்க எஞ்ஞான்றும் தன்னை’ என்றார் வள்ளுவர். அவர் விலக்கியது வியத்தலை. தன்னைப் பார்த்துத் தானே வியப்பது வேறு, செய்ததைச் சொல்வது வேறு. நேர்முகத் தேர்வில் இந்த வேறுபாடு சொற்களிலேயே தெரிந்துவிடும்.

‘ஐ ஆம் வெரி ஹார்ட்வொர்க்கிங்’, ‘ஐ ஆம் எ கிரேட் லீடர்’ என்பவை வியத்தல். உழைப்பாளி, சிறந்த தலைவர் என்ற தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர் எதிரே இருப்பவர். அவர் வேலையை நாம் எடுத்துக்கொண்டால் அவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ‘எட்டு பேர் கொண்ட இரவுப் பணிக் குழுவை இரண்டு ஆண்டு நடத்தினேன், அதில் ஒருவர்கூட வேலையை விட்டுப் போகவில்லை’ என்றால் அது தகவல். தீர்ப்பை அவரே எழுதிக்கொள்வார், அவரே எழுதிய தீர்ப்பை அவர் நம்பவும் செய்வார்.

இதைவிடக் கெடுதல், பிறரைத் தாழ்த்தி உயர்வது. ‘எனக்கு முன்னால் இருந்தவர் எல்லாவற்றையும் குழப்பி வைத்திருந்தார்’ என்று தொடங்கும் கதைகளைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சிங்கப்பூர் சின்ன ஊர். ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். அந்த முன்னவர் உங்கள் எதிரே இருப்பவரின் நண்பராக இருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. ‘ஐ ஆம் ஜஸ்ட் எ டெக்னீஷியன்’ என்ற ‘ஜஸ்ட்’டை எடுத்துவிடுங்கள். உங்கள் வேலையை நீங்களே ‘வெறும்’ என்று சொன்னால் கேட்பவரும் அப்படியே எடுத்துக்கொள்வார்.

‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ என்று எழுதினால் போதாதா?

அது உங்களுக்குக் கொடுத்த பொறுப்பைச் சொல்கிறது. நீங்கள் செய்ததைச் சொல்லவில்லை. கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தவர் அதைச் சீரழித்தும் இருக்கலாம். நடந்த வினையைப் போடுங்கள்: பயிற்சி கொடுத்தேன் என்றால் ‘டிரெய்ன்ட்’, குறைத்தேன் என்றால் ‘ரெடியூஸ்ட்’, புதிதாக அமைத்தேன் என்றால் ‘செட் அப்’. உதவி மட்டும் செய்திருந்தால் ‘ஹெல்ப்ட்’ என்றே எழுதுங்கள், தலைமை தாங்கினேன் என்ற பொருளில் ‘லெட்’ என்று ஏற்றி எழுத வேண்டாம். அடுத்த கேள்வியிலேயே அது வெளுத்துவிடும்.

என் வேலையில் எண்ணே கிடையாது. நான் பாலர் பள்ளி ஆசிரியை. எதைச் சொல்வது?

கல் மேசையில் இதைக் கேட்ட அக்காவிடம், ‘உங்கள் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில் அழுதுகொண்டே இருந்த ஒரு குழந்தையைச் சொல்லுங்கள்’ என்றேன். உடனே சொன்னார். அந்தச் சிறுவன் மூன்று வாரம் யாரிடமும் பேசவில்லை. வீட்டில் பாட்டியோடு தமிழ் மட்டும் பேசி வளர்ந்தவன். இவர் தினமும் காலையில் வாசலுக்கே போய் அவனிடம் தமிழில் இரண்டு வார்த்தை பேசி உள்ளே அழைத்து வந்திருக்கிறார். இரண்டாம் மாதம் அவன் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆங்கிலத்தில் பாட ஆரம்பித்துவிட்டான். இதில் மூன்று வாரம் இருக்கிறது, இரண்டாம் மாதம் இருக்கிறது, முன்பு எப்படி, பின்பு எப்படி என்பதும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன எண் வேண்டும்?

எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை முறை என்று உங்களையே கேட்டுப் பாருங்கள், ஏதாவது ஒன்று கிடைக்கும். கிடைக்காவிட்டால் எண் இல்லாமலே சொல்லுங்கள். அழகுக்காக ஒரு சதவீதத்தை இட்டுக்கட்டுவது மட்டும் கூடாது.

ஆங்கில இலக்கணம் தடுமாறுகிறது. பேசவே பயமாக இருக்கிறது.

இந்த ஊரில் உங்களை நேர்முகம் காணும் மூன்று பேருக்கு மூன்று தாய்மொழி இருக்கக்கூடும். ஆங்கிலம் எல்லாருக்கும் பொதுவான பாலம்தான். சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுங்கள். ஒரே ஒரு இலக்கணத்தில் மட்டும் கவனம் வையுங்கள், அது இறந்தகாலம். நாம் ‘ஐ ஆம் டூயிங்’ என்று நிகழ்காலத்தில் இழுப்போம். இங்கே பேசிப் பழகியவர்கள் ‘ஐ சேஞ்ச் ஆல்ரெடி’ என்பார்கள். நண்பர்களிடம் அது போதும். சாதனையைச் சொல்லும்போது ‘சேஞ்ச்ட்’ என்று முடிந்தால்தான் வேலை முடிந்தது என்று கேட்பவருக்கு விளங்கும்.

பதற்றத்தில் நம்மவர்கள் ரயில் வேகத்தில் பேசுவார்கள். எண்ணைச் சொன்னதும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். அவர் எழுதிக்கொள்ளட்டும்.

‘உங்கள் பலவீனம் என்ன?’ என்று கேட்டால் ‘பெர்ஃபெக்ஷனிஸ்ட்’ என்று சொல்லலாமா?

வேண்டாம். குறை சொல்வதுபோலப் பெருமை பேசுவது அது. தற்பெருமைக்கு இப்படிப் பணிவு முலாம் பூசினால் என்ன ஆகிறது என்பதை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018-இல் ஓர் அமெரிக்க உளவியல் ஆய்விதழில் வெளியானது. நேரடியாகப் பெருமை பேசுகிறவரைவிட முலாம் பூசுகிறவரையே மக்கள் குறைவாக விரும்புகிறார்கள், அதில் நேர்மை இல்லை என்று அவர்களுக்குத் தோன்றுவதே காரணம் என்று அது கண்டது. உண்மையான ஒரு குறையைச் சொல்லி, அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ‘கூட்டங்களில் பேசத் தயங்குவேன், இப்போது கூட்டத்துக்கு முன்பே இரண்டு குறிப்பு எழுதிக்கொண்டு போகிறேன்’ என்பது நல்ல பதில்.

லிங்க்ட்இன் பதிவுகளில் விருதைச் சொல்லும்போது வரும் ‘ஹம்பிள்ட்’ (பணிவு கொள்கிறேன்) என்ற சொல்லுக்கும் இதே பதில்தான். விருது கிடைத்தால் மகிழ்ச்சி என்று எழுதுங்கள்.

மேலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினால் என்ன சொல்வது?

‘தேங்க் யூ.’ அதற்குப் பிறகு, உதவியவர் யாராவது இருந்தால் அவர் பெயர். ‘நோ லா, நத்திங் லா’ என்று மறுத்தால் பாராட்டியவரின் கணிப்பையே தவறு என்று சொன்னதாகிவிடும்.

ஆண்டு இறுதி மதிப்பீட்டுப் படிவத்தில் எழுத உட்கார்ந்தால் எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

டிசம்பரில் உட்கார்ந்தால் அக்டோபரும் நவம்பரும்தான் நினைவில் இருக்கும். மார்ச் மாதம் இரவெல்லாம் விழித்துச் செய்தது மறந்திருக்கும், உங்கள் மேலாளருக்கும் மறந்திருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். யாராவது நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பினால் அதைத் தனியாக ஓர் இடத்தில் சேர்த்து வையுங்கள். சம்பள உயர்வும் போனசும் அந்தப் படிவத்தை வைத்துத்தான் பேசப்படுகின்றன. அதை வெறும் சடங்காக நிரப்பிக் கொடுக்காதீர்கள்.

நான் செய்ததை இன்னொருவர் தான் செய்ததாகக் கூட்டத்தில் சொல்லிவிட்டார். சண்டை போடாமல் எப்படிப் பேசுவது?

எனக்கே நடந்திருக்கிறது. முன்பு ஒரு நிறுவனத்தில் நான் மூன்று மாதம் உழைத்து உருவாக்கிய பயிற்சித் திட்டத்தைச் சக ஊழியர் ஒருவர் தன் பெயரில் விளக்கினார். நான் பேசாமல் இருந்தேன், வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு யோசித்தேன்: அந்த மேசையிலேயே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க முடியும். ‘கிளாட் திஸ் இஸ் யூஸ்ஃபுல். வென் ஐ பில்ட் இட், திஸ் வாஸ் தி ஹார்டஸ்ட் பார்ட்.’ இது பயன்படுவதில் மகிழ்ச்சி, நான் இதை உருவாக்கியபோது இந்தப் பகுதிதான் மிகக் கடினமாக இருந்தது. யாரையும் குற்றம் சாட்டாமல் உங்கள் கை அதில் பட்டிருக்கிறது என்பதை அந்த வாக்கியம் சொல்லிவிடும். நன்னூல் சொன்ன நான்காவது இடத்துக்குப் பக்கத்தில்தான் இதுவும் நிற்கிறது.

பிள்ளைகளுக்காக ஆறு ஆண்டு வேலையை விட்டிருந்தேன். சாதனை என்று சொல்ல என்ன இருக்கிறது?

ஆறு ஆண்டு இடைவெளியை மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லாதீர்கள். ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அதற்கு முன் செய்த வேலைக்குப் போய்விடுங்கள். செய்த வேலை பழையதானாலும் செய்ததுதான். இந்த இடைவெளியில் திறன் பயிற்சிக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் ஏதாவது படித்திருந்தால், படித்ததை வைத்து என்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு 61 வயது. 35 ஆண்டு அனுபவத்தை எங்கிருந்து தொடங்குவது?

கடைசி மூன்று ஆண்டுகளிலிருந்து. ஓய்வு வயது 2022 ஜூலையில் 63 ஆனது. 2026 ஜூலை 1 முதல் 64 என்றும், ஓய்வு வயதுக்குப் பிறகும் தகுதியுள்ளவருக்கு நிறுவனம் வேலை தர முன்வர வேண்டிய மறுவேலைவாய்ப்பு வயது 69 என்றும் அரசாங்கம் அறிவித்திருக்கிறது. ஆகவே எதிரே இருப்பவர் உங்கள் வரலாற்றைக் கேட்கவில்லை, இன்னும் சில ஆண்டுகள் உங்களிடமிருந்து என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். அண்மையில் கற்றுக்கொண்ட ஒன்று, இளையவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்த ஒன்று, இரண்டையும் முதலில் வையுங்கள்.

நாளை காலை நேர்முகம். இன்றிரவு என்ன செய்யலாம்?

மூன்று சம்பவங்களைத் தேர்ந்தெடுங்கள். முதலில் தமிழில், ‘நான்’ போடாமல், வினையில் ஆளை வைத்துச் சொல்லிப் பாருங்கள்: கண்டேன், சொன்னேன், மாற்றினேன். பிறகு அதே வரிசையில் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். கைபேசியில் பதிவு செய்து ஒரு முறை கேளுங்கள். ‘வெரி’, ‘பெஸ்ட்’, ‘ஜஸ்ட்’ வருகிற இடங்களில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மறுபடியும் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறவர்கள் அதைப் பையில் எடுத்து வையுங்கள். பழைய நிறுவனத்தின் ரகசியக் கணக்கு அதில் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் காட்ட வேண்டாம்.